சந்தனம் பூசிய பென் டிரைவ்

நவமி அன்றைக்குக் கொல்கத்தாவில் ஒரு சாமான் பழுதானால் அதை அம்பாளிடம்தான் ஒப்படைக்க வேண்டும். ரிப்பேர் கடைக்காரர் ஷட்டரை இறக்கிவிட்டு, புதுச் சட்டை போட்டுக்கொண்டு, பந்தல் பந்தலாகச் சுற்றிக்கொண்டிருப்பார். அதே நாளில் ஒரு தமிழ் வீட்டில் ஏதாவது ஒரு சாமானை உடைக்க வேண்டியிருந்தால் நிலைமை இன்னும் மோசம். சுத்தியல் பூஜையில் இருக்கும்.

எனக்கு ஒரே நாளில் இரண்டும் வாய்த்தன.

மத்திய அரசு வேலையில் மூன்று வருட மாற்றல் என்று இந்த ஊருக்கு வந்தவன் நான். வரும்போது தலையில் முடி இருந்தது. முடி போய்விட்டது, நான் போகவில்லை. பவானிபூரில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில் நானும் மனைவியும் இருக்கிறோம். சும்மா இருக்கத் தெரியாத வாய் எனக்கு. எங்கேயோ ஒரு கல்யாணப் பந்தியில், 'உங்க பொண்ணுக்குப் பொருத்தமா ஒரு பையன் இருக்கானே' என்று இலைக்கு எதிரில் உட்கார்ந்திருந்தவரிடம் சொல்லப்போக, அது நிஜமாகவே பொருந்தித் தொலைத்தது. அன்றிலிருந்து இந்த ஊர்த் தமிழர்கள் வீட்டு ஜாதகங்கள் என்னைத் தேடி வர ஆரம்பித்தன. காசு வாங்குவதில்லை. கல்யாணச் சாப்பாடு மட்டும்.

ஜாதகம் என்றால் வெறும் கட்டம் மட்டும் இல்லை. சம்பளம், கைப்பேசி எண், வீட்டு முகவரி, பெண்ணின் படம், 'இது மட்டும் உங்களோட இருக்கட்டும்' என்று மெல்லிய குரலில் சொல்லப்படும் விஷயங்கள் எல்லாம் கூடவே வரும். இதையெல்லாம் பாதுகாக்க நான் ஒரு மகத்தான திட்டம் வைத்திருந்தேன். மடிக்கணினியில் எதையும் வைப்பதில்லை, இணையத்தில் ஏற்றுவதில்லை. எல்லாம் ஒரே ஒரு பென் டிரைவில். அதில் ஆண் ஜாதகங்களுக்கு ஒரு ஃபோல்டர், பெண் ஜாதகங்களுக்கு ஒரு ஃபோல்டர். ரகசியமானவற்றுக்கு மூன்றாவதாக ஒன்று. கடவுச்சொல் போடலாமே என்று கேட்பீர்கள். போட்டால் எனக்கு மறந்துவிடும். அதனால் அந்த மூன்றாவது ஃபோல்டருக்கு 'ரசப்பொடி' என்று தமிழில் பெயர் வைத்தேன். திருடன் வந்தால்கூட ரசப்பொடியைத் திறந்து பார்ப்பானா? இதுதான் என் பாதுகாப்பு ஏற்பாடு. இதைப் பற்றி எனக்குப் பெருமை வேறு இருந்தது.

அந்த ரசப்பொடிக்குள் அப்போது இருந்தது ஒரே ஒரு மருத்துவ அறிக்கை.

பெஹாலாவில் இருக்கும் ஒரு பெண்ணுடையது அது. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவள் அப்பாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதானபோது, தன்னுடையதில் ஒன்றை எடுத்துக் கொடுத்தவள். அப்பா இப்போது காலையில் நடைப்பயிற்சி போய் எல்லோரையும் குறை சொல்லிக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறார். அவளும் நலம், கல்யாணம் பண்ணிக்கொள்ளலாம், குழந்தை பெறலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த அறிக்கை அது. தேவைப்படும் நாளில் நான் சாட்சி சொல்வதற்காக என்னிடம் கொடுத்திருந்தாள். அதற்கு முன்பு ஒரு வரன் வந்தபோது, அவள் வாயைத் திறப்பதற்குள் சொந்தக்காரர் ஒருவர் முந்திக்கொண்டு சொல்லிவிட்டார். அந்தச் செய்தி மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சேரும்போது 'பொண்ணுக்குக் கிட்னி போயிடுச்சாம்' என்று ஆகியிருந்தது. அவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை.

இப்போது வந்திருந்த வரனுக்கு வீடு டாக்குரியா பக்கம். பையன் நல்லவன். அவனுடைய அம்மா என் மனைவியின் சிநேகிதி. எங்கள் வீட்டுக் கொலுவுக்கு அந்த நவமி மாலை வருவதாக இருந்தது. மறுநாள் விஜயதசமி காலையில் பெண்ணும் பையனும் ஏரிக்கரையில் சந்தித்துப் பேசுவதாக ஏற்பாடு.

நவமி காலை எங்கள் வீட்டில் ஆயுத பூஜை. என் மனைவி இதில் சமரசமே செய்துகொள்ள மாட்டாள். வீட்டில் உழைக்கும் இரும்பு எதுவாக இருந்தாலும் அன்றைக்கு அதற்கு விடுமுறை. சுத்தியல், கொறடு, ஸ்க்ரூ டிரைவர், கத்தரிக்கோல், பாக்குவெட்டி, அரிவாள்மனை, இஞ்சி இடிக்கும் இரும்பு உரல், அதன் உலக்கை எல்லாம் கொலுப்படிக்குக் கீழே கோலத்தின் மேல் வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். என் மடிக்கணினியும் அங்கேதான். மறுநாள் புனர்பூஜை முடியும் வரை யாரும் எதையும் தொடக்கூடாது. சுண்டலுக்கான தேங்காயைக்கூட முதல் நாளே துருவி வைத்துவிடுவாள்.

எனக்குக் குசும்பு. நானும் என் பென் டிரைவைக் கொண்டுபோய் வைத்தேன். "இதுவும் என் ஆயுதம்தான். எத்தனை பேருக்கு வாழ்க்கை கொடுத்திருக்கு" என்றேன். நானே சந்தனம் குழைத்துப் பூசினேன். மூடி எப்போதோ தொலைந்துவிட்டதால் அதன் வாய் திறந்தே இருந்தது. அந்த வாய்க்கும் தாராளமாக ஊட்டினேன். பக்தியில் கஞ்சத்தனம் கூடாது என்று ஒரு வசனமும் பேசினேன்.

மத்தியானம் அந்தப் பெண் ஃபோன் செய்தாள். மனைவி அப்போது இரண்டாவது மாடி வீட்டுக்குச் சுண்டல் கொடுக்கப் போயிருந்தாள். பையனின் அம்மா சாயந்தரம் எங்கள் வீட்டுக்கு வருவது அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருந்தது. அந்த அறிக்கையை அழித்துவிடச் சொன்னாள்.

"உங்களை நம்பாம இல்ல அங்கிள். நாளைக்கு நானே சொல்லப்போறேன். என் வாயால சொன்னா, நான் கொடுத்தேன்னு இருக்கும். வேற எப்படித் தெரிஞ்சாலும் எனக்குப் போயிடுச்சுன்னுதான் ஆகும். இன்னும் ஒரு நாள்தான், ப்ளீஸ்."

அதற்கென்னம்மா, இப்பவே அழிச்சிடறேன் என்றேன். எவ்வளவு சுலபம். திறக்க வேண்டியது, அழிக்க வேண்டியது. ஆனால் இரண்டும் பூஜையில் இருந்தன. வாசலை ஒரு பார்வை பார்த்தேன். சரஸ்வதி பொம்மையை ஒரு பார்வை பார்த்தேன். அவசர அலுவலக வேலை என்று அவளிடம் மானசீகமாக விடுப்பு மனு கொடுத்துவிட்டு மடிக்கணினியையும் பென் டிரைவையும் தூக்கிக்கொண்டு படுக்கையறைக்கு ஓடினேன்.

சந்தனம் காய்ந்து சிமெண்டு ஆகியிருந்தது. டிரைவ் பாதிக்கு மேல் உள்ளே போகவில்லை. வெளியேயும் வரவில்லை. ஊக்கால் சுரண்டலாம் என்றால் ஊக்கு இருந்த தையல் டப்பாவும் பூஜையில். நான் அதை அசைத்தேன். பிறகு கொஞ்சம் பலமாக அசைத்தேன். படியில் மனைவியின் கொலுசுச் சத்தம் கேட்டது. அப்போது நான் அசைத்தது அசைத்தலில் சேராது.

டக்கென்று ஒரு சத்தம். பென் டிரைவின் உடம்பு என் கையில். வாய் மட்டும் மடிக்கணினிக்குள், சந்தனத்தோடு.

மடிக்கணினியை மறுபடி கோலத்தில் வைத்து, உடைந்த தகடு துருத்திக்கொண்டிருந்த பக்கத்தில் ஒரு செவ்வந்திப் பூவைச் செருகினேன். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. மனைவி உள்ளே வந்து, என் முகத்தைப் பார்த்து, வியர்க்கிறதே ஃபேன் போட்டுக்கொள்ளக்கூடாதா என்றாள்.

முதலில் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. உடைந்துவிட்டது, இனி யாராலும் படிக்க முடியாது, அழித்த மாதிரிதானே? காபி போட்டுக் குடித்தேன். பாதிக் காபியில் ஒரு சந்தேகம் வந்து கைப்பேசியில் தேடினேன். தேடியிருக்கக்கூடாது. உடைந்தது வாய்தானாம். விஷயமெல்லாம் உள்ளே ஒரு சின்னக் கறுப்புச் சில்லில் பத்திரமாக இருக்குமாம். கொஞ்சம் கைத்தொழில் தெரிந்தவர்கள் நாலு ஒயரை வைத்து ஒட்டினால் எல்லாம் வந்துவிடுமாம். ரகசியமான விஷயம் என்றால் அந்தச் சில்லையே தூள் தூளாக உடைத்துவிட வேண்டுமாம்.

எதைக் கொண்டு உடைப்பது?

சட்டைப் பையிலேயே போட்டுக்கொண்டு மறுநாள் காலை வரை சும்மா இருந்திருக்கலாம். யோசித்துப் பார்த்தால் சரியான விடை அதுதான். ஆனால் பயந்தவனுக்குச் சும்மா இருக்கும் வித்தை தெரியாது. அது பையில் இருக்கிறது என்ற நினைப்பே, நெஞ்சின் மேல் யாரோ அந்தப் பெண்ணின் வயிற்றுப் படத்தைப் பெரிதாக ஒட்டிவிட்ட மாதிரி இருந்தது. பையனின் அம்மா வந்து உட்கார்ந்து, 'அது என்ன பையில?' என்று கேட்டுவிட்டால்? ஏன் கேட்கப்போகிறார்? கேட்கலாம். பெண்கள் கேட்பார்கள்.

மனைவியிடம் சொல்லலாமென்றால் அதற்கும் வழியில்லை. பூஜையில் வைத்ததை எடுத்தேன் என்பது ஒரு குற்றம். அதைவிட, அவள் முகம் ஒரு நோட்டீஸ் போர்டு. உள்ளே ஒரு செய்தி போனால் உடனே வெளியே ஒட்டிவிடும். சாயந்தரம் சிநேகிதி எதிரில் அந்த முகத்தை வைத்துக்கொண்டு அவளால் வெற்றிலை பாக்கு கொடுக்க முடியாது.

கதவிடுக்கில் வைத்து நசுக்கிப் பார்த்தேன். நசுங்கியது என் விரல். பல்லால் கடித்தேன். கடைவாயில் மாட்டியிருக்கும் பொய்ப்பல் ஆடியது. கழிவறையில் போட்டுத் தண்ணீர் விடலாம் என்று குனிந்தவன், எங்கள் குழாயும் கீழ்வீட்டுக் குழாயும் சம்பந்திகள் என்பது ஞாபகம் வந்து நிமிர்ந்தேன். அடைத்துக்கொண்டால் அது கீழ்வீட்டில்தான் மிதந்து எழும். ஜன்னல் வழியே வீசலாமென்றால், ஜன்னலுக்குக் கீழே எங்கள் பாராவின் பந்தல். பாரா என்றால் எங்கள் பேட்டை. அன்றைக்கு அங்கே தலைகள் தவிர ஒன்றும் தெரியவில்லை. எறிந்தால் ஒரு தலையில் விழும், அந்தத் தலை அதை எடுத்துக்கொண்டு மேலே பார்க்கும்.

கீழ்வீட்டு தாதாவிடம் சுத்தியல் கேட்கலாம் என்று தோன்றியது அப்போதுதான். இந்த ஊரில் தாதா என்றால் அண்ணன். ஓய்வு பெற்ற மனிதர், பூஜை கமிட்டியில் முக்கியமானவர். அவர் என்னையும் தாதா என்பார், நானும் அவரை தாதா என்பேன். சண்டை போடும்போதும் அப்படித்தான்.

சுத்தியல் எதற்கு என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஒரு ஆணி என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். பயத்தில் நான் நிஜத்தைச் சொன்னேன். உள்ளங்கையை விரித்து, இதை உடைக்க வேண்டும் என்றேன். அவர் அதை இரண்டு விரலால் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். ஒரு குருவிக்குஞ்சைப் பார்ப்பதுபோல.

"பாங்பேன் கேனோ?" என்றார். ஏன் உடைக்க வேண்டும்?

என் ஓட்டை வங்காளத்தில், உள்ளே இருப்பது சொந்த விஷயம், இனி வேண்டாம் என்றேன். சொந்த விஷயம் என்றதும் அவர் முகம் உருகிவிட்டது. சொந்த விஷயத்தை யாராவது உடைப்பார்களா, குடும்பப் படங்கள் இருக்கும், ஊர் நினைவுகள் இருக்கும், இன்றைக்குக் கோபத்தில் உடைத்துவிட்டு நாளைக்கு அழுவீர்கள், பந்தலில் லைட் போடுகிறவன் எதையும் பற்றவைத்துவிடுவான் என்று அடுக்கிக்கொண்டே போனார். "ஜோடா லேகே ஜாபே, தாதா." ஒட்டிக்கொண்டுவிடும். சொல்லிக்கொண்டே அதைக் குர்தா பையில் போட்டார். நான் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினேன். இந்த ஊரில் ஒருவர் உதவி செய்ய முடிவெடுத்துவிட்டால், வேண்டாம் என்பது வெட்கப்படுவதாகத்தான் கணக்கு. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கி, பந்தலுக்குப் பின்பக்கம் கமிட்டிக்காரர்களுக்கு மட்டும் திறக்கிற சந்துக்குள் நுழைந்தார். நான் பின்னாலேயே போனேன். தொண்டர் ஒருவர் விசிலை ஊதி, பொதுமக்கள் அந்தப் பக்கம் என்று கையைக் காட்டினார். அந்தப் பக்கம் வரிசை தெருமுனை வரை போயிருந்தது.

அங்கேயே ஒரு மணி நேரம் காத்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினால், பையனின் அம்மா வந்துவிட்டார். கொலுவைப் பார்த்தாகிவிட்டது, சுண்டல் சாப்பிட்டாகிவிட்டது, பாட்டும் பாடியாகிவிட்டது. இந்தப் பாராவின் துர்கையைப் பார்க்க வேண்டும் என்றார். மனைவி என்னைப் பார்த்து, "நீங்களும் வாங்க. கூட்டத்துல அக்காவுக்குத் துணையா இருக்கும்" என்றாள். நான் மறுக்கவில்லை. எப்படியும் நான் போக வேண்டிய இடம் அதுதான்.

மூங்கில் கட்டிய வரிசைக்குள் நுழைந்தோம். இந்த மூங்கில் வரிசையைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இது ஒருவழிப் பாதை. உள்ளே போனவன் அம்மனைப் பார்த்துத்தான் வெளியே வர முடியும். அம்மனே நினைத்தாலும் பின்னால் திரும்ப முடியாது. முன்னால் இருப்பவரின் முதுகுதான் உங்கள் உலகம், பின்னால் இருப்பவரின் மூச்சுதான் உங்கள் காற்று. டாக் மேளம் வேறு நெஞ்சுக்குள் அடித்தது. என் நெஞ்சா மேளமா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

பந்தலுக்குப் பக்கத்தில், மேளக்காரர்களின் மேடைக்கு மேலே, ஒரு பெரிய எல்.இ.டி. திரை. அதில் நகைக்கடை விளம்பரம், காணாமல் போன குழந்தைகளின் விவரம், கமிட்டியின் ரத்ததான முகாம் படங்கள் என்று ஓடிக்கொண்டிருந்தன. நாங்கள் பாதி வரிசைக்கு வந்தபோது ரத்ததானம் நின்றது. திரை ஒரு நொடி கறுத்து, வெள்ளையாகி, மூன்று மஞ்சள் ஃபோல்டர்களைக் காட்டியது.

ஒட்டிக்கொண்டுவிட்டது.

லைட் போடுகிறவர் ஒயரைப் பற்றவைத்துவிட்டு, வேலை செய்கிறதா என்று பார்க்கப் பக்கத்தில் இருந்த கணினியில் செருகியிருக்கிறார். அந்தக் கணினிதான் திரைக்கும் படம் அனுப்புகிறது. ஆளுயர எழுத்தில், பவானிபூரின் வானத்துக்குக் கீழே, தமிழில், 'ரசப்பொடி'.

பையனின் அம்மா என் மனைவியின் தோளைப் பிடித்து உலுக்கினார். "பாரேன், நம்ம தமிழ்ல போட்டிருக்காங்க. ரசப்பொடியாம். நம்மளை எல்லாம் மதிச்சு இப்படி ஒரு ஏற்பாடு நான் எந்தப் பந்தல்லயும் பார்த்ததில்ல" என்றார். கண் கலங்கிவிட்டது அவருக்கு.

அம்பு மாதிரி ஒரு சின்ன வெள்ளைக் குறி திரையில் அலைந்தது. ரசப்பொடியின் மேல் போய் நின்றது. அந்த லைட்காரருக்குத் தமிழ் தெரியாது, எல்லாம் அவருக்கு ஜிலேபிதான், எதை வேண்டுமானாலும் பிய்ப்பார். ஆனால் உள்ளே இருக்கும் அறிக்கை ஆங்கிலத்தில் இருந்தது. பெண்ணின் பெயரும் வயதும் மேலேயே இருக்கும். எனக்குப் பக்கத்தில் நிற்பவர் அதைப் படிப்பார். நாளைக்கு ஏரிக்கரையில் அவள் வாயைத் திறக்கும்போது அங்கே கேட்க ஆள் இருக்காது.

தாதாவுக்கு ஃபோன் போட்டேன். கூட்டத்தில் சிக்னல் செத்திருந்தது. கத்தினேன். டாக் மேளம் என் குரலைத் தின்றுவிட்டது. கீழே குனிந்து, மூங்கிலுக்கும் மூங்கிலுக்கும் நடுவே தலையை விட்டேன். தலை போனது. தோளும் போனது. பிறகு இருபது வருடக் கல்யாணச் சாப்பாடு குறுக்கே நின்றது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. ஊரே அம்மனைப் பார்க்க நிற்கும் இடத்தில், மூங்கிலில் மாட்டிய பலாப்பழம்போல் தொங்கிக்கொண்டு, கழுத்தைத் திருப்பித் திரையைப் பார்த்தேன்.

குறி ரசப்பொடியை விட்டு நகர்ந்தது. கடைசியில் தனியாக ஒரு கோப்பு இருந்தது, 'மாதிரி' என்று. அதைத் திறந்தார். திரை முழுக்க ராசிக் கட்டம் விரிந்தது. ஸ்கேன் செய்யக் கற்றுக்கொண்டபோது சோதனைக்காக நான் முதலில் ஏற்றிய ஜாதகம். வேறு யாருடையதும் இல்லை, என்னுடையது.

மேலே, என் முதுகுக்குப் பக்கத்தில், பையனின் அம்மா நிதானமாக வாசித்துக்கொண்டிருந்தார். "லக்னத்துக்கு எட்டுல சனி. இந்த ஜாதகக்காரன் எங்கயாவது போய் மாட்டிக்கிட்டே இருப்பான், பாவம். யாரோ?"

எனக்கு மனைவியின் கால்விரல் மெட்டி மட்டும்தான் தெரிந்தது. அது அசையவில்லை.

அப்போது ஒலிபெருக்கியில் தாதாவின் குரல். மூன்றாவது மாடி தென்னிந்திய தாதா எங்கிருந்தாலும் மேடைக்கு வரவும், உங்கள் பென் டிரைவுக்கு உயிர் வந்துவிட்டது. தொண்டர்கள் என்னை அடையாளம் கண்டுகொண்டார்கள். இரண்டு பேர் கையைப் பிடித்து இழுத்தார்கள். சட்டைப் பொத்தான்கள் தெறித்தன. வயிறு மூங்கிலோடு ஒரு உடன்பாட்டுக்கு வந்தது. வெளியே வந்து விழுந்து, எழுந்து, மேளக்காரர்களுக்கு நடுவே ஓடினேன். திரையில் குறி மறுபடி ரசப்பொடிக்கு வந்திருந்தது. லைட்காரரின் விரல் மேலே எழுந்த நேரத்தில் நான் அந்த ஒயரைப் பிடித்து இழுத்தேன். திரை கறுத்தது.

தாதா என்னைப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன். ஆபரேஷன் முடிந்து கண் திறந்த நோயாளியின் கழுத்தை உறவினரே நெரித்தால் டாக்டர் எப்படிப் பார்ப்பார், அப்படி. பற்றவைத்த நாலு ஒயரும் பிய்ந்து தொங்கின. நான் அதைக் கைக்குள் மூடிக்கொண்டு நன்றி என்றேன். அவர், பரவாயில்லை, மறுபடி ஒட்டித் தரச் சொல்கிறேன் என்று கையை நீட்டினார். நான் திரும்பி நடந்தேன். அவருக்கு அது வலித்திருக்கும்.

பையனின் அம்மாவை வாடகைக் காரில் ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்தோம். மனைவி நேரே கொலுவுக்கு எதிரில் போய் உட்கார்ந்தாள். மடிக்கணினியின் பக்கத்தில் இருந்த செவ்வந்திப் பூவை எடுத்தாள். உள்ளே இருந்ததைப் பார்த்தாள். பூவை மறுபடி அதே இடத்தில் வைத்தாள்.

"எட்டுல சனி யாருக்குன்னு எனக்குத் தெரியாதா? அந்தக் கட்டத்தைக் கையில வெச்சுக்கிட்டு எங்கம்மா எத்தனை நாள் அழுதாங்க."

நான் கையை விரித்துக் காட்டினேன். இதில் ஒருத்தருடைய விஷயம் இருக்கிறது, உடைக்க வேண்டும், அதற்காகத்தான் இத்தனையும் என்று சொல்லிவிட்டு, அது யாருடையது என்று ஆரம்பித்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"சொல்லாதீங்க. என் மூஞ்சியில தெரிஞ்சிடும்."

இத்தனை வருடமாக அவள் முகத்தைப் பற்றி நான் மனசுக்குள் வைத்திருந்த கிண்டல், அவளுக்கே தெரிந்த ஒரு சாதாரண உண்மையாக இருந்திருக்கிறது. மத்தியானமே இதைச் சொல்லியிருந்தால் என் பொத்தான்களாவது மிஞ்சியிருக்கும்.

உரல் கிடைக்குமா என்று கேட்டேன். நாளைக்குப் புனர்பூஜை ஆனதும் எடுத்துக்கொள்ளலாம், அதுவரை அது சாமி என்றாள். அந்தப் பென் டிரைவை என் கையிலிருந்து வாங்கி, கோலத்தின் மேல், உரலுக்கு உள்ளேயே வைத்து, மேலே உலக்கையைச் சாய்த்து வைத்தாள். "இங்கேயிருந்து யார் எடுப்பா? உங்களைத் தவிர." அவ்வளவுதான். நாள் முழுக்க நான் தேடிய பத்திரமான இடம் காலையிலிருந்து அங்கேயேதான் இருந்தது. நான்தான் அதிலிருந்து எடுத்தேன்.

விஜயதசமி காலையில் கற்பூரம் காட்டி, ஒவ்வொரு சாமானையும் லேசாக வடக்கே நகர்த்தி வைத்துப் பூஜையை முடித்தாள். நான் கொறடால் மேலோட்டைப் பிரித்தேன். உள்ளே அந்தக் கறுப்புச் சில்லு, விரல் நகம் அளவுக்கு. இவ்வளவு சின்னதற்கா என்று தோன்றியது. உரலில் போட்டு இடித்தேன். முதல் இடியில் துள்ளியது, பிறகு துள்ளவில்லை. கறுப்புத் தூளாகும் வரை இடித்தேன். மற்றவர்களுடைய ஜாதகங்களும் அதோடு போயின. அவர்களிடம் மறுபடி கேட்டு வாங்கிக்கொள்ளலாம், இந்த முறை கடவுச்சொல்லையும் மனப்பாடம் பண்ணலாம்.

இடித்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பெண்ணின் ஃபோன் வந்தது. பின்னால் ஏரிக்கரைக் காக்கைகளின் சத்தம்.

"சொல்லிட்டேன் அங்கிள். நானேதான் சொன்னேன்."

உலக்கை என் கையில் அப்படியே நின்றது. அவன் என்னம்மா சொன்னான் என்று கேட்க வாய் வரவில்லை. அவளே சொன்னாள்.

"ஒண்ணும் சொல்லலை. ரொம்ப நேரம் தண்ணியைப் பார்த்துக்கிட்டு இருந்தார். அப்புறம், உங்கப்பா இப்ப எப்படி இருக்காருன்னு கேட்டார்."

நல்லது அம்மா என்றேன். அவள், அந்த ரிப்போர்ட்டை அழிச்சிட்டீங்களா என்று கேட்டாள்.

"இடிச்சிட்டேம்மா."

என்னது என்றாள். ஒன்றுமில்லை, அழித்துவிட்டேன் என்றேன். சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். நோட்டீஸ் போர்டு அன்றைக்கு என்னிடம் இருந்திருக்க வேண்டும். ஒன்றும் கேட்காமல் உள்ளே திரும்பி, அந்த உரலை மூன்று தடவை கழுவித்தான் அடுப்படியில் வைக்க வேண்டும் என்றாள்.